கூப்பிடு தூரம்

ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துத் தரப்படும் பயோடேட்டா ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே பெயர். அதற்குக் கீழே தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பாலினம், மதம், திருமணம் ஆனவரா இல்லையா, தெரிந்த மொழிகள், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, செல் நம்பர், ஈமெயில். வலது மூலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி. இடம், தேதி, கையெழுத்து. யாரும் கேட்காமலே தரப்படும் வாக்குமூலம் அது. சில கடைகளின் அச்சில் மதத்துக்குப் பக்கத்தில் சாதிக்கும் ஒரு வரி இருக்கும். கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற தாளுக்கும் நம் ஊரில் பயோடேட்டா என்றுதான் பெயர். அதிலிருந்து நட்சத்திரத்தையும் ராசியையும் எடுத்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையரையும் டேலியையும் சேர்த்தால் வேலைக்கான தாள் தயார்.

இந்த வரிகளை இரண்டு குவியலாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு குவியல், என்னைக் கூப்பிட உதவுவது. செல் நம்பரும் ஈமெயிலும் அதில் சேரும். இன்னொரு குவியல், நான் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, என்ன வயது, யாரைக் கும்பிடுகிறவன் என்று காட்டிக்கொடுப்பது. ஒருவரை வேலைக்குக் கூப்பிட முதல் குவியல் போதும். கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் சரி; வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தாளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தொடர்பு விவரம் என்று நாம் நினைத்து எழுதும் பலவும் உண்மையில் அடையாள விவரங்கள். நிரந்தர முகவரி அதற்கு நல்ல உதாரணம். இன்றைக்கு எந்த கம்பெனியும் நேர்முகத் தேர்வுக்குத் தபால் கார்டு போடுவதில்லை. ஆனாலும் கதவு எண் வரை அந்த வரி இருக்கிறது.

அப்படியானால் கேள்வி இது: வேலை கேட்டுப் போகிறவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவர்? அதைவிட முக்கியமாக, அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்கிறவருக்கு என்ன கடமை?

அடையாளம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேலையைச் செய்துவிடும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்றாகவே அறிந்திருந்தது. அகப்பாடலில் தலைவன், தலைவி யார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. காதல் யாருடையதாகவும் இருக்கலாம். அதனால்தான் அது அகம். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பிரிவில் வாடும் ஒரு பெண்ணையும் பாசறையில் தூங்காமல் நடக்கும் ஓர் அரசனையும் பற்றியது. பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் பூ. அந்த ஒரு குறிப்பால் அரசன் இன்னான் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். 188 அடிப் பாட்டை அகத்திலிருந்து புறத்துக்குத் தள்ள ஒரு கொத்து வேம்பு போதுமானதாக இருந்தது.

நம் பயோடேட்டாவில் எத்தனை வேம்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஈமெயில் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிறந்த வருடம் வயதைச் சொல்லிவிடும். படித்த பள்ளியின் பெயர் பல சமயம் மதத்தைச் சொல்லும். ஊரும் தெருவும் மீதியைச் சொல்லும்.

*

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் ஒரு பெரிய காரியம் செய்தவர்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. இரண்டு மூன்று தலைமுறையில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. இன்று ஒரு தமிழ்ப் பெயரும் இனிஷியலும் மட்டும் இருந்தால் வட இந்திய நிறுவனத்தின் எச்.ஆர். அதிகாரிக்கு அதிலிருந்து சாதியைப் பிடிக்க முடியாது. ‘அந்தரங்கம்’ என்ற பேச்செல்லாம் அன்றைக்கு இல்லை. ஆனால் நடந்தது அதுதான்: முதல் பார்வையில் தெரிய வேண்டாத ஒன்றை முதல் பார்வையிலிருந்து அகற்றினார்கள்.

பெயரில் கிடைக்காததை வேறு இடத்தில் தேடுவார்கள் என்பது அடுத்த கட்டம். ‘சொந்த ஊர் எது?’ ‘அந்த ஊர்ல எந்தப் பக்கம்?’ ‘அப்பா என்ன பண்றார்?’ நேர்முகத் தேர்வுகளில் சிரித்த முகத்தோடு கேட்கப்படும் இந்த மூன்று கேள்விக்கும் பயோடேட்டாவின் முகவரி வரி முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல் அப்படிப்பட்டது. நகரத்தில் அது பேங்க் ஊழியர் குடியிருப்பாக இருக்கலாம்; கிராமத்து முகவரியில் வந்தால் படிக்கிறவருக்கு அர்த்தம் வேறு. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு முகவரிச் சொல் வசைச் சொல்லாகப் புழங்குகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இது வெறும் மனப்பிராந்தி இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் ஆகிய இருவரும் 2007-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் இருக்கும் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அமெரிக்காவில் மரியான் பெர்ட்ரான்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வும் இதே வகை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5000 ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் என்று தோன்றுபவற்றுக்குப் பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயர் என்று தோன்றுபவற்றுக்குப் பதினைந்துக்கு ஒன்று. அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி, முகவரி பற்றியது. வசதியான பகுதியின் முகவரி இருந்த ரெஸ்யூமேக்களுக்குக் கூடுதல் அழைப்பு வந்தது. யாரும் அந்த முகவரிக்குக் கடிதம் போடப் போவதில்லை. ஆனாலும் முகவரி வேலை செய்தது.

*

இந்த இடத்தில் வழக்கமாக வரும் கேள்வி: ‘நேர்மையான ஆளுக்கு மறைக்க என்ன இருக்கு?’

கேட்கிறவர் பெரும்பாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அவருடைய சம்பளம், வீட்டு முகவரி, கடைசியாக எத்தனை பேரை வேலையை விட்டு அனுப்பினார் என்ற விவரம் எதுவும் இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. ஒருவர் மட்டுமே திறந்து காட்ட வேண்டியிருக்கும் இடத்தில் மறைப்பதைப் பற்றிப் பேசுவது, அந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்காமல் பேசுவது.

அதற்காக அந்தக் கேள்வியை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. போலி அனுபவச் சான்றிதழ் விற்பது நம் நகரங்களில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. வேலைக்கு எடுக்கிறவருக்கு, எதிரில் இருப்பவர் சொல்கிற ஆள்தானா என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் ஒன்றா என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போதே, யாருக்கும் தீங்கு செய்யாத சொல் எது என்றுதான் அளக்கிறார். மதம் என்ன என்று எழுதாமல் விட்டால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று கேட்கும் கடைக்கு, திண்டிவனத்தில் இருந்துகொண்டு தாம்பரம் முகவரி கொடுத்தால் அது பொய். அதை நம்பி அவர் போடும் ஷிப்ட் குலைந்துபோகும். மௌனம் ஒரு வரியைக் காலியாக விடுகிறது. பொய் அந்த இடத்தில் வேறொன்றை வைக்கிறது. படிக்கிறவரால் காலியிடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும். பொய்யைப் பார்த்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மறைத்தால் எப்போதும் நல்லதுதானா என்றால், அதுவும் இல்லை. பிரான்சில் 2006-இல் ஒரு சட்டம் வந்தது: 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் பெயர், முகவரி தெரியாத ரெஸ்யூமேக்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடைமுறை ஆணை வராமலே அது கிடந்தது. 2009, 2010-இல் சோதனையாகச் செய்து பார்த்தபோது, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வு வாய்ப்பு குறைந்தது தெரியவந்தது. தாமாக முன்வந்து சோதனையில் சேர்ந்தவை பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்ட நிறுவனங்கள். பெயரும் முகவரியும் தெரிந்தபோது, ‘இந்தச் சூழலிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்’ என்று கூட்டிப் பார்த்தவர்கள், அவை மறைந்ததும் இடைவெளிகளையும் குறைகளையும் மட்டும் பார்த்தார்கள். 2015-இல் அந்தச் சட்டத்தை விருப்பத்துக்கு உரியதாக மாற்றிவிட்டார்கள். எதை மறைப்பது என்பதை எல்லோருக்கும் சேர்த்து ஒரு விதி முடிவு செய்ய முடியாது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். முடிவு செய்யும் உரிமை தாளுக்குச் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும்.

*

பெண்களின் செல் நம்பரில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. பயோடேட்டா கொடுத்த ஒரு வாரத்தில் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஹாய்’ என்று தெரியாத நம்பரிலிருந்து செய்தி வரும். யார் என்று கேட்டால், ‘உங்க ரெஸ்யூம் பார்த்தேன், ப்ரொஃபைல் நல்லா இருக்கு’ என்பார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டார். இதற்குப் பயந்து பல வீடுகளில் ஓர் ஏற்பாடு செய்வார்கள்: அப்பா நம்பரையோ அண்ணன் நம்பரையோ போடுவது. பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் இனி அவளுக்கு வரும் ஒவ்வொரு வேலை அழைப்பும் அப்பா காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். ‘பெங்களூரா? வேண்டாம்னு சொல்லிட்டேன்’ என்று ஒரு வார்த்தையில் ஒரு வேலை போய்விடும். அந்நியரிடமிருந்து காப்பாற்றுகிற கையே அவளுக்கு என்று இருந்த ஒரே கதவையும் பூட்டிவிடுகிறது. அந்தரங்கம் என்றால் வெளியாளிடமிருந்து ஒளிந்துகொள்வது மட்டும்தான் என்று நினைத்தால், இதில் ஒரு தவறும் தெரியாது.

சட்டம் இந்த உரிமையை எந்தச் சொல்லால் அழைத்தது என்று பார்த்தால், சிக்கல் புரியும். 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் எழுதிய கட்டுரை வழியாக ‘தனித்து விடப்படும் உரிமை’ என்ற சொல்லாட்சி புகழ்பெற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் அதை 1994-இல் ஒரு தமிழ்ப் பத்திரிகை வழக்கில் விரிவாக எடுத்தாண்டது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆனால் வேலை தேடுகிறவர் தன்னைத் தனியே விடச் சொல்லவில்லை. அவர் கேட்பது அதற்கு நேர்மாறு: தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள். ஃபோன் அடித்தால் பஸ்ஸில் நின்றுகொண்டே எடுக்கிறார். தெரியாத நம்பர் என்றால் மற்றவர்கள் துண்டிப்பார்கள். இவரால் முடியாது, வேலையாக இருக்கலாம். மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். ‘செலக்ட் ஆயிட்டீங்க, ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் கட்டுங்க’ என்று வரும் அழைப்புகள் வேலை தேடுகிறவர்களையே குறிவைப்பது, அவர்கள் ஃபோனை எடுத்தே ஆக வேண்டியவர்கள் என்பதால்தான்.

ஆகவே இங்கே தேவைப்படுவது வேறொரு கருத்து. ஹெலன் நிஸன்பாம் என்ற தத்துவவாதி அதைச் சூழல் சார்ந்த ஒழுங்கு என்கிறார். ஒரு தகவல் ரகசியமா பகிரங்கமா என்பது அவருடைய கேள்வி இல்லை. எந்தச் சூழலில், யாரிடமிருந்து யாருக்கு, என்ன நிபந்தனையோடு போனது என்பதே கேள்வி. அந்த நிபந்தனை மீறப்பட்டால் அந்தரங்கம் மீறப்பட்டது. சாதியையே எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் வகுப்பை எழுதுகிறோம், சான்றிதழும் வைக்கிறோம். அங்கே அது இட ஒதுக்கீட்டு உரிமையைப் பெறும் வழி. அதே வரி ஒரு தனியார் கம்பெனிக்கான பயோடேட்டாவில் இருந்தால் எந்த உரிமையையும் பெற்றுத் தராது. வடிகட்ட மட்டும் உதவும். தகவல் ஒன்றுதான், போய்ச் சேரும் இடம் வேறு. செல் நம்பரும் அப்படியே. வேலை பற்றிப் பேசத் தந்த நம்பர், இரவு பத்து மணி ‘ஹாய்’க்காகத் தரப்பட்டது இல்லை.

*

இதை வைத்துக்கொண்டு ஒரு பயோடேட்டா எழுதினால் எப்படி இருக்கும்? முதல் தாளில் பெயர், வேலைக்கென்று தனியாக வைத்த ஒரு ஈமெயில், ஒரு செல் நம்பர், வசிக்கும் ஊர். அவ்வளவு போதும். ஈமெயிலில் பிறந்த வருடம் வேண்டாம். முடிந்தால் இரண்டாவது சிம். கதவு எண், தகப்பனார் பெயர், மதம், கல்யாணம், கையெழுத்து எதுவும் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் சான்றிதழ்கள். வேலை உறுதியான பிறகு பிறந்த தேதி, முகவரி, பான், ஆதார், பேங்க் கணக்கு. கொடுக்கவே மாட்டேன் என்று இதில் எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் அதற்குத் தேவை வரும்போது கொடுப்பது மட்டும்தான். இன்னொன்று: ‘ரெஃபரன்ஸ்’ என்று போட்டு இரண்டு பேரின் பெயரையும் நம்பரையும் கீழே எழுதுகிறோமே, அவை நம்முடையவை இல்லை. பழைய பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் நம்பரை இருபது கம்பெனிகளுக்கு அனுப்பும்போது, நமக்கு எது நடக்கக் கூடாது என்று பயப்படுகிறோமோ அதை நாமே அவருக்குச் செய்கிறோம்.

ஆனால் இந்த யோசனைகளோடு நிறுத்திக்கொண்டால், பாரம் முழுவதையும் பலவீனமானவர் தலையில் ஏற்றியதாகிவிடும். இரண்டாவது சிம், தனி ஈமெயில், ‘அப்புறம் தருகிறேன்’ என்று சொல்லும் தைரியம் எல்லாம் வேறு வேலை கையில் இருப்பவருக்குச் சுலபம். செக்யூரிட்டி வேலைக்கு ஏஜென்சி வாசலில் நிற்கிறவரும், அபார்ட்மெண்ட்டில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவும் முதல் நாளே ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்தாக வேண்டும். அதில் கதவு எண் முதல் பிறந்த தேதி வரை எல்லாம் இருக்கிறது. அந்த ஜெராக்ஸ் எந்த டிராயரில் கிடக்கிறது என்று கேட்க அவர்களுக்கு வாய் இல்லை.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அது முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் வேலை தொடர்பான தேவைகளுக்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்ற வழியையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பெயரிலேயே இருப்பது போல அது டிஜிட்டல் தரவுக்கானது. தாளாகவே தரப்பட்டுத் தாளாகவே கிடக்கும் பயோடேட்டா அதன் வரம்பில் வராது. எடைக்குப் போய், வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும் பயோடேட்டாவில் யாருடைய போட்டோவும் நம்பரும் இருந்தாலும் அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது.

சட்டம் எட்டாத இடத்தில் நமக்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் அடைக்கலமாகத் தருகிறார். அந்தப் பொறுப்பைக் காக்க முடியாமல் போனதற்காக மாதரி பின்னால் தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். அவ்வளவு பெரிய தண்டனையை யாரும் எச்.ஆர். அதிகாரியிடம் எதிர்பார்க்கவில்லை. அடைக்கலமாக வந்த பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை என்ற உணர்வு இருந்தால் போதும்.

ஒரு வேலைக்கு இருநூறு பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. அவருடைய விவரங்களுக்கு இனி ஒரு கோப்பு உண்டு, பொறுப்பாளர் உண்டு. மீதி 199 பேருடைய நம்பரும் முகவரியும் அந்த அலுவலகத்துக்கு இனி எதற்கும் பயன்படாதவை. அவை எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள்: கன்சல்டன்சிக்காரரின் எக்ஸல் ஷீட்டில், வேலையை விட்டுப் போன ஒரு மேலாளரின் சொந்த ஈமெயிலில், ரிசப்ஷன் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில், பயோடேட்டா டைப் அடித்துக் கொடுத்த டி.டி.பி. சென்டரின் டெஸ்க்டாப்பில். விண்ணப்பித்தவர்களுக்கு ‘இல்லை’ என்று ஒரு வரி பதில்கூடப் பெரும்பாலும் போயிருக்காது.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அவரிடம் கேட்க மூன்று காரியம் இருக்கிறது. அடுத்த விளம்பரத்தில், முதல் கட்டத்துக்கு என்னென்ன விவரம் வேண்டும், என்னென்ன வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். தேர்வாகாத 199 பேருக்கும் அதைத் தெரிவித்துவிட்டு, அவர்களுடைய தாள்களைக் கிழித்துப் போடுங்கள், கோப்புகளை அழித்துவிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த நம்பர்களை எடுத்துத் தன் ஃபோனில் போட்டுக்கொள்ள முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மதியப் பொழுதுதான் ஆகும்.